துப்பாக்கியும் குடிபெயர்ச்சியும்

1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் ஐரோப்பியருக்கு விலக்கு. இந்தியருக்கோ லைசென்ஸ் என்னும் தளை. தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் என்பதும் 1930-இல் மகாத்மா வைஸ்ராயின்முன் வைத்த 11 கோரிக்கைகளுள் ஒன்று. சுதந்திர இந்தியா 1959-இல் புதுச் சட்டம் இயற்றிற்று.

பிற மாகாணத்தினின்று ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு உத்தியோகமாக வருபவர் தம் துப்பாக்கியையும் கொணரலாமா? லைசென்ஸ் செல்லும் எல்லைக்குள் தமிழ்நாடும் அடங்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் முதலில் எல்லையை விஸ்தரித்துக்கொள்ள வேண்டும். குடிபுகுந்த 30 தினங்களுக்குள் இவ்விடத்து லைசென்ஸ் அதிகாரிக்கு அறிவித்தலும் கட்டாயம்.

விதி நியாயமே. ஆனால் ஒளிக்காது அறிவிப்பவரை அலையவிடின், அஃது அந்நிய ஆட்சியின் சந்தேகபுத்தியே. தேசத்துக்கு டாங்கி செய்ய நம்பப்பட்டவருக்கு, அறிவித்த அன்றே ரசீது தருதல் சுயராஜ்ய சர்க்காருக்கு அழகாகும்.