செம்மறியாட்டின் இரைப்பைப் புழுவும் அதன் கொழுப்புச் சேமிப்பும்

புதுக்கோட்டை ஜில்லாவில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கண்மாய்க் கரைகளிலும் புறம்போக்குத் தரைகளிலும் பசும்புல் செழிக்கும் காலமே செம்மறியாடுகளுக்கு ஆபத்தான காலமாகவும் இருக்கின்றது. வயிறு நிறைய மேய்ந்தும் ஆடு மெலிதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், தாடையின் கீழ் நீர் கோத்து வீங்குதல் ஆகியவை பெரும்பாலும் இரைப்பைப் புழுவின் குறிகளாம். சாஸ்திரத்தில் இப்புழு ஹெமான்கஸ் எனப்படும்.

ஆட்டின் வயிற்றில்

இப்புழு நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சி ஜீவிப்பது. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தைப் போக்கும். 1,000 புழுக்கள் இருப்பின் நஷ்டம் 50 மில்லி லிட்டர். பெண் புழு தினம் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். முட்டையினுள் வளரும் கருவுக்குக் கொழுப்பே கட்டுச்சோறு. வளர்ச்சிக்கும் முட்டையிடுதற்கும் இன்றியமையாத கொலஸ்டிரால் போன்ற பொருள்களை இப்புழு தானே உண்டாக்க மாட்டாது. ஆட்டினிடமிருந்தே கவர வேண்டும். ஆகவே ஆட்டின் இரத்தம் புழுவுக்கு உணவு மட்டுமன்று, சந்ததிப் பெருக்கத்திற்கு முதலுமாகும்.

புல்தரையில்

புழுக்கையுடன் வெளிப்படும் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஓரிரு நாளில் பொரிக்கும். இளம்புழு முதலில் புழுக்கையிலுள்ள பாக்டீரியங்களைத் தின்று கொழுக்கும். சுமார் ஒரு வாரத்தில் மூன்றாம் பருவத்தை அடையுங்கால், முன்பருவத்தின் தோல் கழலாமல் உறையாக உடலை மூடிக்கொள்ளும். அவ்வுறை வறட்சியினின்று ஓரளவு காக்கும். ஆயினும் வாயையும் அடைத்துவிடும். அதன்பின் ஆட்டின் வயிற்றைச் சேரும்வரை புழு எதையும் உண்ண இயலாது. குடலில் சேர்த்து வைத்த கொழுப்பின் அளவே அதன் ஆயுளின் அளவு. பனியீரத்தில் புல்லின்மீது ஏறியிறங்கும் ஒவ்வோர் அசைவும் அச்சேமிப்பைக் குறைக்கும். குளிர்ந்த தேசங்களில் அசைவு குறைவாகையால் பல மாதம் தாங்கும். உஷ்ணப் பிரதேசங்களில் சில வாரங்களிலேயே கொழுப்புத் தீர்ந்து பெரும்பாலான புழுக்கள் மடியும்.

செய்யத்தக்கவை

ஆதலின் புழுவைப் பட்டினியிட்டு ஒழிக்கலாம். மேய்ச்சல் தரையைப் பகுத்து, ஒரு பகுதியில் நான்கு நாட்கள் மேய்த்தபின், ஏறத்தாழ இரண்டு மாதம் செம்மறி, வெள்ளாடு இரண்டையும் அங்கு விடாதிருத்தல் நலம். காலையில் பனி உலர்ந்த பிறகே மந்தையை ஓட்டுக. எல்லா ஆடுகளுக்கும் கணக்கின்றி அடிக்கடி மருந்து புகட்டினால், அதற்கு மடியாத புழுக்களே எஞ்சிப் பெருகும்; தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. கண்ணிமை வெளுத்த ஆடுகளைப் பிரித்து, கால்நடை மருத்துவர் குறித்த அளவில் மருந்து கொடுப்பதே முறை.

புறம்போக்குத் தரை பொதுவானதாகையால் ஒருவர் மட்டும் தம் ஆடுகளை விலக்குவதில் பயன் சிறிது. எப்பகுதியை எப்போது மூடுவதென்று கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் மேய்ப்போருடன் கலந்து, மழைக்கு முன்பே முறை வகுத்தல் வேண்டும். மூடிய தரையில் ஒரே ஒரு மந்தை புகுந்தாலும், பட்டினியால் மடியவிருந்த புழுக்கள் மீண்டும் உணவைப் பெற்றுவிடும்.