பனிச்சறுக்குக்கு எந்த மலை?

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலிருந்து தென்கிழக்காக மலைத்தொடரைப் பற்றிக்கொண்டே போனால் இடுக்கி ஜில்லாவில் எதிர்ப்படும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். உலகின் பல தேசங்களிலிருந்தும் பனிச்சறுக்குப் பிரியர்கள் வந்து கூடும் காஷ்மீரத்துக் குல்மார்க்கின் உயரமோ சுமார் 2,650 மீட்டர்தான். உயரத்தில் நம் சிகரமே ஒரு பிடி மேலாக இருந்தும், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் மூணாற்றுப் புல்வெளிகளின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் சுவடின்றி மறைந்துபோவதைத் தவிர, சறுக்கிச் செல்லத்தக்க வெண்பனி இங்கே ஒருநாளும் குவிவதில்லை. காரணம், ஆனைமுடி பூமத்தியரேகைக்கு வடக்கே பத்தாவது அட்சரேகையை ஒட்டி நிற்கிறது. குல்மார்க் முப்பத்துநான்காவதை ஒட்டி இருக்கிறது. மலையின் உயரத்தை மட்டும் பார்த்துப் பனிச்சறுக்கு ஸ்தலத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பிசகான காரியம் என்பதற்கு இந்த இரண்டு மலைகளே போதிய சாட்சி.

கோடையில் நாற்பது டிகிரி உஷ்ணத்தைத் தொட்டுவிடும் பாலக்காட்டுச் சமவெளியில் வசிப்பவர்களுக்குப் பனிமலையின் மேல் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால் அந்த ஆசையோடு புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெயர் பெற்ற இடம் எது என்று விசாரிக்கிறார்களேயன்றி, தமக்கு ஏற்ற சரிவு எது, கற்றுக்கொடுப்பவர் யார் என்று விசாரிப்பதில்லை.

முதலில் பனியைப் பற்றிச் சொல்லவேண்டும். நமக்கு மழையைத் தருவன தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவக்காற்றுகள்; ஹிமாலயத்தின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலத்தில் பனியைத் தருவனவோ மத்தியதரைக் கடற்பிரதேசத்தில் தோன்றி, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து, அலை அலையாக வந்து சேரும் காற்றுச் சுழல்கள். அவற்றைத் தடுத்து நிறுத்தி ஈரத்தைக் கறந்துகொள்ளும் பீர்பஞ்சால் தொடரின் மடியில் அமைந்திருப்பதால்தான் குல்மார்க்கில் பனி ஏராளமாக விழுகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை பருவம் என்பது பொதுவான கணக்கு. எனினும் 2024 ஜனவரியில் அந்தக் குல்மார்க்கே பனியின்றிப் பழுப்பு நிறப் புல்தரையாகக் கிடந்தது. 2025-ல் பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனிக்குறைவினால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகையால் கிறிஸ்துமஸ் விடுமுறையை நம்பி முன்னதாகவே எல்லாவற்றையும் முடிவு செய்வதைக்காட்டிலும், பிப்ரவரியை உத்தேசமாக வைத்துக்கொண்டு, தேதியை மாற்றிக்கொள்ளச் சிறிது இடம் விட்டுவைப்பதே விவேகம்.

குல்மார்க்குக்குப் பழைய சரித்திரம் உண்டு. ஆங்கில ராணுவ அதிகாரிகள் இந்தியப் பனிச்சறுக்குச் சங்கத்தை 1927-ல் அங்கேதான் ஆரம்பித்தார்கள். சறுக்கலையும் மலையேற்றத்தையும் கற்பிக்கும் மத்திய அரசின் பயிற்சி நிலையம் 1968 முதல் அங்கே இருந்துவருகிறது. கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் 1998-லும், அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம்வரை ஏற்றிவிடும் இரண்டாங்கட்டம் 2005-லும் திறக்கப்பட்டன. இந்த ஊர்தி ஒன்றே என்றாலும், அது காட்டும் குல்மார்க் இரண்டு. கீழே, கோடையில் கோல்ஃப் மைதானமாக விளங்கும் புல்வெளியில், கற்றுக்குட்டிகளுக்கு உகந்த மென்மையான சரிவுகள். மேலே, பெரும்பாலும் செப்பனிடப்படாத ஆழ்ந்த பனியும், திடீரெனப் பெயர்ந்து வரும் பனிச்சரிவின் அபாயமும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ருஷ்யர் ஒருவரும் அவ்வாறு புதையுண்டு உயிரிழந்தார்கள். டிக்கெட் வாங்கினால் யாரும் மேலே போகலாம். சறுக்கிக்கொண்டு இறங்குவதற்கோ பல பருவங்களின் அப்பியாசமும், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்தறிந்த உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும்.

முதல் நாள் பாடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால், புதியவருக்கு எந்தச் சரிவு போதும் என்பது தானே விளங்கிவிடும். கணைக்காலை இறுக்கிப் பிடிக்கும் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, குதிகாலை ஓங்கி மிதித்துச் சறுக்குப்பலகையில் பூட்டிய பிறகு, மாணவன் கற்பது ஓடுவதையல்ல, நிற்பதை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகல விரித்து, உள்விளிம்புகளால் பனியைச் சீவிக்கொண்டே வேகத்தைக் குறைப்பது முதல் வித்தை. பயத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் பலகை இன்னும் விரைந்தோடும் என்பதால், கணைக்காலின் முன்புறம் பூட்ஸின் நாக்கில் படும்படி முன்னே சாய்ந்து நிற்கப் பழகுவது இரண்டாவது. பக்கவாட்டில் விழுந்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டு எழுவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நூறு மீட்டர் நீளமுள்ள இளஞ்சரிவே தாராளம். அதற்குமேல் உள்ள மலையெல்லாம் புதியவருக்குக் கண்ணுக்கு விருந்தேயொழிய, காலுக்கு உபயோகமில்லை.

இந்த நோக்கில் பார்த்தால், உத்தராகண்டத்தின் சமோலி ஜில்லாவிலுள்ள அவுலி, கற்பவர்களுக்குக் குல்மார்க்குக்குச் சற்றும் இளைத்ததன்று. ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரம்வரை விரிந்து, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியை எதிரே காட்டும் அந்தச் சரிவுகளில், கட்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற கணக்கில் வகுப்புகள் நடத்திவந்திருக்கிறது. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடந்தன. குறைகளும் உண்டு: ரிஷிகேசத்திலிருந்து அடிவார ஊரான ஜோஷிமட்டுக்குச் சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை; 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது, அங்கிருந்து அவுலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது; பனி பொய்க்கும் ஆண்டுகளும் வருகின்றன.

ஹிமாசலத்து மணாலிக்கு அருகிலுள்ள சோலங் பள்ளத்தாக்கு, பனியைத் தொட்டுப் பார்த்துக் குழந்தைகளோடு ஒரு நாள் களிக்க விரும்புகிறவர்களுக்கு மிகவும் சௌகரியமானது. விடுமுறைக் கூட்டம் சரிவையே மறைத்துவிடும் என்பது அதன் தொல்லை. மெய்யாகவே கற்க நினைப்பவர்கள் 1961 முதல் மணாலியில் இயங்கிவரும் மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் வகுப்புகளை விசாரிக்கலாம். தந்தை வழியில் கேரளத்தவரான சிவ கேசவன் இந்த மணாலிப் பிரதேசத்தில் வளர்ந்தவர். பனிச்சறுக்கின் உறவான லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். சிம்லாவுக்கு அருகிலுள்ள குஃப்ரியும் நார்க்கண்டாவும் பனி விழுந்த சேதி கேட்டபின் எட்டிப்பார்க்க ஏற்றவை. அவற்றை நம்பி இரண்டு வார விடுமுறையை ஒதுக்கவேண்டாம்.

கடல்மட்டத்துக்குச் சற்றே மேலான ஊரில் வாழ்ந்து பழகிய தேகம், 2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலியாலும் குமட்டலாலும் முறையிடக்கூடும். ஆகவே சென்ற அன்றே சரிவில் இறங்காமல் ஒரு நாள் ஓய்ந்திருப்பதும், நிறையத் தண்ணீர் குடிப்பதும், இருதய நோயோ சுவாச நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுப் புறப்படுவதும் அவசியம். குல்மார்க்குக்குப் போகிறவர்களைப் பாலக்காடு வழியாகச் செல்லும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ராவரை கொண்டுவிடுகிறது. அங்கிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. நிதானமாக உயரம் ஏறும் இந்தப் பிரயாணம், விமானத்தில் போய்ச் சட்டென்று இறங்குவதைவிட உடம்புக்கும் இதமானது.

ஒரு நாள் விளையாட்டுக்குச் சோலங், முறையாகக் கற்பதற்கு அவுலியோ குல்மார்க்கின் கீழ்ப்புல்வெளியோ, தேர்ந்தவர்களுக்கு அபர்வத் என்று இவ்வாறு பிரித்துக்கொண்டபின், பணம் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? என் கால் அளவுக்குப் பூட்ஸ் இருக்கிறதா? பனி பொய்த்தால் பணம் திரும்புமா? அடிபட்டால் கீழே கொண்டுசெல்வது யார்? இவற்றுக்கு நேரான பதில் சொல்ல ஆளில்லாத இடத்துக்கு, அங்கே எத்தனை அடி பனி கொட்டிக் கிடந்தாலும், முன்பணம் அனுப்பவேண்டியதில்லை.