கொண்டை போட முடியாத கை: தோள்மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

தினமும் காலையில் தானே முடிந்துகொள்ளும் கொண்டையை ஒருநாள் அம்மா என்னிடம் போட்டுவிடச் சொன்னார். "இடக்கை தலைக்குப் பின்னால போகுதில்லை பிள்ளை. வாயுவாக்கும்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தந்தார். கையை அசைக்காமல் துணியால் கட்டித் தொங்கவிடச் சொன்னதும் அவர்தான். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். இரண்டு மாதம் அப்படியே போனது. கை இன்னும் இறுகியது.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு தேசிக்காயுடன் ஓடியவர்களுக்குத் தோள்மூட்டை விளக்குவது சுலபம். இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் இருக்கிறது. தோளில் அப்படி இல்லை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது; அதைத் தாங்கும் தோள்பட்டை எலும்பின் குழியோ சிறியது, ஆழமற்றது. எந்த நேரத்திலும் உருண்டையின் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்குவரைதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையை இத்தனை திசைகளில் சுழற்ற முடிவது இதனால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் விலகுவது தோள்மூட்டாக இருப்பதும் இதனால்தான்.

தேசிக்காய் விழாமல் பார்த்துக்கொள்வது எலும்பு அல்ல, அதைச் சுற்றியுள்ள சதைப்பகுதிகள். குழியின் விளிம்பில் ஒரு நார்க்குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் நான்கு தசைகள் உருண்டையை முன்னும் மேலும் பின்னுமாக அணைத்துக் குழிக்குள் அழுத்துகின்றன. அவற்றுக்கு உள்ளே, மூட்டை மூடி ஒரு பை இருக்கிறது. அதன் பெயர் மூட்டுறை. சட்டை தைக்கும்போது அக்குளில் கொஞ்சம் தாராளமாகத் துணி விடுவார்களே, அதுபோல இந்த உறையும் அடிப்பக்கத்தில் மடிந்து தொய்ந்து கிடக்கும். கை உயரும்போது அந்த மடிப்பு விரியும்.

கையை முழுதாக உயர்த்துவது இந்த ஒரு மூட்டின் வேலையும் அல்ல. தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்ப வேண்டும். 1944இல் இன்மன், சோண்டர்ஸ், அபட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வின்படி, 180 பாகையில் ஏறக்குறைய 120 பாகை உருண்டை மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் அசைவிலும் கிடைக்கிறது.

இதை வாசிக்கும்போதே ஒன்றைச் செய்து பாருங்கள். பெருவிரல் நிலத்தைப் பார்க்கும்படி கையைத் திருப்பி, பக்கவாட்டில் உயர்த்துங்கள். தோள் மட்டத்தை அண்டியதும் இறுகும். இப்போது பெருவிரல் வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். கை காதுவரை போகும். மேற்கை எலும்பில் உள்ள ஒரு புடைப்பு, தோள்பட்டை எலும்பின் கூரையில் முட்டாமல் பின்னால் விலக வேண்டும். அதற்குக் கை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். கொண்டை போடவும் இதே திருப்பம் வேண்டும். அம்மா முதலில் இழந்தது அதைத்தான்.

இடது தோள் என்பதால் ஆஸ்பத்திரியில் முதலில் இதயத்தைத்தான் பார்த்தார்கள். அதில் பிரச்சினை இல்லை. எக்ஸ்ரேயிலும் எலும்புகள் சரியாகவே இருந்தன. இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். "முழங்கையை விலாவோட ஒட்டி வச்சுக்கொண்டு, கதவைத் திறக்கிற மாதிரிக் கையை வெளியில திருப்புங்கோ அம்மா" என்றார். வலது கை திரும்பியது. இடது கை நேரே நின்றது. பிறகு அவரே மெதுவாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. நான் கவனிக்கத் தவறியிருக்கக்கூடிய இடம் இதுதான். தசைநாண் கிழிந்திருந்தால் நோயாளியால் கையை உயர்த்த முடியாவிட்டாலும், பெரும்பாலும் இன்னொருவர் பிடித்து உயர்த்தலாம். இங்கே யார் பிடித்தாலும் வரவில்லை, ஏனென்றால் உறையே தடித்துச் சுருங்கிவிட்டது. அந்தத் தாராளமான மடிப்பு இல்லாமல் போயிருந்தது. அம்மா கையை உயர்த்த முயன்றபோது தோள் முழுவதும் காதை நோக்கி எழும்பியது. மூட்டு செய்யாத வேலையைத் தோள்பட்டை எலும்பு செய்துகொண்டிருந்தது.

அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் கோட்மன் 1934இல் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர் வைத்தார். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களிடம் சற்று அதிகமாக வருகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், கடைசியில் மெதுவான தளர்வு. எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருடம்வரை இழுக்கும். சிலருக்கு ஓரளவு இறுக்கம் நிரந்தரமாகவே தங்கிவிடும்.

அடுத்து வைத்தியர் கேட்ட கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "சீனி பாத்தனீங்களோ?" பார்த்ததில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களுக்குக் குணமாவதும் தாமதம். தைரொயிட் கோளாறு உள்ளவர்களுக்கும் அடிக்கடி வருகிறது. இரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்குச் சீனி எல்லை தாண்டியிருந்தது. எத்தனை காலமாக என்று யாருக்கும் தெரியாது. எண்ணெயும் துணிக்கட்டுமாகப் போன இரண்டு மாதத்தில் தோள் மட்டும் கெடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். அது வலியைக் குறைத்தது. ஆனால் சில நாட்களுக்குச் சீனியை ஏற்றும் என்று முன்கூட்டியே சொன்னதால் தினமும் அளந்தோம். கட்டு அவிழ்ந்தது. குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே நடப்பது ஆகிய இரண்டும் தினசரிப் பயிற்சி. வலியை மீறி இழுக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

சுவரில் விரல் எட்டும் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறேன். பதினொரு மாதமாகிறது. கடைசிக் கோடு யன்னலின் மேற்சட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. கொண்டையை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன்.