ஆறாவது மருந்தைத் தேடி

கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் நெறி கட்டும். சில வாரங்களில் மளமளவென்று பெருக்கும். 'டிஎல்பிசிஎல்' என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் தீவிர நிணநீர்ப் புற்றுநோய் இப்படித்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. வேகமானதுதான், ஆனால் முழுமையாகக் குணமாகிவிடவும் கூடியது.

1970கள் முதல் இதற்குத் தரப்பட்டு வந்தது 'சாப்' என்ற நான்கு மருந்துக் கீமோ. அவற்றில் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. இதைவிட வீரியமான கூட்டுகள் கூடுதல் பேரைக் காப்பாற்றுமா என்று அமெரிக்காவில் 899 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1993இல் வெளியான முடிவு: பழைய சாப்பை எதுவும் மிஞ்சவில்லை.

வழி வேறு பக்கம் திறந்தது. மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்க்கென்று 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த ரிட்டுக்சிமாப் மருந்தை, பிரான்சின் பெர்த்ரான் குவாஃபியே குழு சாப்போடு சேர்த்துப் பார்த்தது. 60 முதல் 80 வயதுள்ள 399 பேர். இரண்டாண்டு கழித்து சாப் மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதமும், ரிட்டுக்சிமாபும் பெற்றவர்களில் 70 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். 'ஆர்-சாப்' அப்படித்தான் நிலைபெற்றது.

ஐந்து மருந்து இவ்வளவு செய்தால் ஆறாவது என்ன செய்யாது? ஆசை நியாயமானதே. ரத்தப் புற்றுநோய்க்குப் புழக்கத்தில் இருந்த இப்ருடினிப் மாத்திரை, நோய் திரும்பியவர்களில் ஒரு வகையினரிடம் தனியாகவே பலன் காட்டியிருந்தது. 'ஃபீனிக்ஸ்' ஆய்வில் 838 பேருக்கு ஆர்-சாப்போடு அதையோ, மருந்தில்லாப் போலி மாத்திரையையோ தந்தார்கள். மொத்தக் கணக்கில் வித்தியாசமே இல்லை. வயதுவாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 60 வயதுக்குக் கீழே பலன் தெரிந்தது. அதற்கு மேற்பட்டவர்களைப் பக்கவிளைவு படுத்தி எடுத்தது. அந்த வயதினரில் போலி மாத்திரை பெற்றவர்களில் சுமார் 89 சதவீதத்தினர் ஆறு சுற்றுக் கீமோவை முடிக்க, இப்ருடினிப் பெற்றவர்களில் 74 சதவீதத்தினரே முடித்தார்கள். உதவிக்கு வந்த மாத்திரை, குணப்படுத்தும் கீமோவையே குறைத்துவிட்டது. இளையவர்களின் பலனும் ஒரு துணைக்கணக்குதான். அதை மட்டும் நம்பிச் சிகிச்சையை மாற்றிவிட முடியாது.

ஆறாவதாகச் சேர்த்துப் பார்த்த போர்ட்டிசோமிப், லெனலிடோமைடு மருந்துகளும் இதே தேர்வில் தேறவில்லை.

2021 இறுதியில் வெளியான 'போலாரிக்ஸ்' ஆய்வு ஆறாவதாக எதையும் சேர்க்கவில்லை. வின்கிறிஸ்டினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போலாடுசுமாப் வெடோட்டின் என்ற மருந்தை வைத்து, ஆர்-சாப்போடு ஒப்பிட்டது. நோய் முற்றாமல் இரண்டாண்டைக் கடந்தவர்கள் 70.2 சதவீதத்திலிருந்து 76.7 ஆக உயர்ந்தார்கள். உயிரோடிருந்தவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.