பிணையல் மாடும் ஸ்டெப்னியும்

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏலத்தோட்டச் சாலைகளில் ஏறி இறங்கும் பிக்கப் அவருடையது. அடியில் கல் இடிக்காமல் வண்டி கொஞ்சம் உயரட்டும் என்று 245/75 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் 265/75 ஆர்16 போட்டுவிட்டார். ரிம் பழையதே. ‘பழைய டயரில் ஒன்று நல்லபடியாக இருக்கிறது. அதையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கிறார்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அதன் ஊர் நினைவுக்கு வந்துவிடும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லியில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் தொடங்கிய தொழில் அது. அன்றைய கார்ச் சக்கரத்தை நடுவழியில் கழற்ற முடியாது. ஆரக்கால் இல்லாத ரிம்மில் காற்றடித்த டயரை ஏற்றி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்வவைத்து ஓட்டுவார்கள். அந்தச் சரக்கு போய்விட்டது. தெருவின் பெயர் நம் பஞ்சர் கடைகளில் தங்கிவிட்டது.

கேள்விக்கு வருகிறேன். பழைய டயரின் விட்டம் 774 மி.மீ., புதியது 804. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது 396 சுற்றுச் சுற்றினால் சின்னது 411 சுற்ற வேண்டும். அந்தப் பதினைந்து சுற்றை யார் தாங்குவது? பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரிகிறதே, மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்பார்களே, அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியல்தான்.

வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இது. சிறுவயதில் எங்கள் களத்தில் பிணையல் ஓட்டியிருக்கிறேன். நாலு மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கதிர்மேல் சுற்றவிடுவோம். உள்மாடு நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைத்துத் திரும்பும். வெளிமாடு ஓட்டமும் நடையுமாக வரும். வயசான மாட்டை அப்பா எப்போதும் உள்ளேதான் கட்டுவார். வளைவில் பின்சக்கரங்கள் இரண்டும் அந்த மாடுகள்தான். உள்சக்கரம் குறைவாகவும் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உருள வேண்டும். எஞ்சின் இழுவையோ இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டும். கிரவுனுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் இதைச் செய்து கொடுக்கின்றன. நேர்ச்சாலையில் அவை தம் அச்சில் சுற்றுவதே இல்லை. கிரவுனோடு சேர்ந்து சும்மா போகும். வளைவு வந்தால்தான் வேலை. கொஞ்ச வேலை, நிறைய ஓய்வு என்ற கணக்கில்தான் அவற்றை அமைத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் சின்ன டயரை மாட்டினால் நேர்ச்சாலையும் அவற்றுக்கு முடியாத வளைவாகிவிடும். மாடுகளைக் களத்தில் சுற்றவிட்டபடியே கம்பத்திலிருந்து மதுரை வரை ஓட்டுவதற்குச் சமம். பஞ்சர் கடை வரை மெதுவாகப் போனால் தாங்கும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று வாரக்கணக்கில் ஓட்டினால் ஆயில் சூடேறும், வாஷர் தேயும். தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடவே கூடாது. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடுவதால் இடையில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை, ஷாஃப்ட் முறுக்கேறும். பின்சக்கரம் பஞ்சரானால் முன்சக்கரம் ஒன்றைப் பின்னால் மாற்றிவிட்டு, சின்ன ஸ்டெப்னியை முன்னால் போடுகிற வழி உண்டு. ஆனால் மழையில், கம்பம்மெட்டு ஏற்றத்தில், இரண்டு முறை ஜாக்கி போட யாருக்கு மனம் வரும்?

ஆகவே டயரை ஐந்தாக வாங்குங்கள். ஐந்தையும் முறைவைத்து மாற்றிப் போட்டு வந்தால் பட்டன் ஒன்றுபோலத் தேயும். ஐந்தாவது மட்டும் புதிதாக நின்று மறுபடி விட்டம் மாறாது. கையில் பணம் இல்லையென்றால் அதே அளவில் பழையது பாருங்கள், ஆனால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியது, ஒரு நாள்கூட ஓடாததாக இருந்தாலும் வேண்டாம்.

லாரி ஓட்டிய என் தாய்மாமா வாரம் ஒருமுறை ஸ்டெப்னியை லீவரால் தட்டிச் சத்தம் கேட்பார். இன்று எத்தனையோ வண்டிகளில் அது அடியில் சேறு அப்பிக் கிடக்கிறது. நான்கு டயருக்கு அத்தனை பணம் போடுகிறவர்கள் இதற்குக் காற்றுகூடப் பார்ப்பதில்லை. மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவர்களும் இப்படி இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பத்துக்காரருக்கு இன்னும் ஒன்று. வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி சங்கிலியில் தொங்கும் இடத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். உயரம் மூன்று சென்டிமீட்டரும் அகலம் இரண்டு சென்டிமீட்டரும் கூடும். சைலன்சர் குழாயில் உரசினால் தொட்டியில், கேபினுக்குப் பின்னால் நிறுத்திக் கட்டிவிடுங்கள். ஒரு மூட்டை ஏலக்காய் குறையும், அவ்வளவுதான். பழைய ஜாக்கியையும் வீட்டு வாசலில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வண்டி உயர்ந்துவிட்டது, ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைக்கட்டை தேவைப்படலாம்.