திரையில் டாக்டர்... திண்ணையில் அக்கா!



மலருக்கு "டெக்னிக்கலா ஏதாவது எழுதித் தாப்பா" என்றார்கள். ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆகையால் நமது புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குள் வந்த ஒரு பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் 1984-ஆம் ஆண்டு டாக்டர் சாரதா மேனன் அவர்கள் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' என்னும் மனநல நிறுவனம், 2010-ல் இந்த பஸ்ஸை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே சிறு அறை, கேமரா, டி.வி. திரை, மருந்து கொடுக்க ஓர் இடம். நோயாளி பஸ்ஸில் ஏறி உட்காருவார். டாக்டர் சென்னையிலிருந்து திரையில் தோன்றிப் பேசுவார். அவர் சொன்ன மாத்திரையை பஸ்ஸிலேயே இலவசமாகக் கொடுப்பார்கள்.

"ஆஹா, எலெக்ட்ரானிக்ஸ் வாழ்க!" என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? ஆனால் வேலையில் பாதி பஸ்ஸுக்கு வெளியே நடந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிடுகிறாரா, வீட்டார் எப்படி நடத்துகிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து விசாரித்தவர்கள் அவர்கள்தான்.

அந்த பஸ் முக்கியமாகக் கடுமையான மனநோய்களுக்காக வந்தது. நான் சொல்ல வருவது மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வருகிறது. அப்படி வந்தவர்களில் 100-க்கு 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை! இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, நோய்.

குன்றாண்டார்கோவிலில் எங்கள் சித்திக்கு இதுதான் வந்தது. போன வருஷம் நாலு மாசம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கோடாங்கி பார்த்தாச்சு, மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. கடைசியில் மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் சீட்டு, போர்டு எல்லாம் படித்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

அங்கே மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் உண்டு என்றார்கள். "பேசினா நோய் போகுமா?" என்று நானே நினைத்தேன். பிறகு யோசித்தால் நம்ம பாடம்தான்! பாசிட்டிவ் ஃபீட்பேக் படித்திருக்கிறோம். வெளியே வருவதே விளைவு, உள்ளீட்டோடு சேர்ந்து மேலும் பெரிதாகும். மனம் சோர்ந்தால் வெளியே போக மாட்டோம். போகாததால் இன்னும் சோர்வு. சோர்வால் எழுந்திருக்கவே மாட்டோம். இந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். மனம் சரியானபின் நடப்போம் என்று காத்திராமல், முதலில் பத்து நிமிஷம் நடக்க வைப்பது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். மனநலப் படிப்பு படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, 6 முதல் 8 தடவை மட்டும் பேச வைத்தார்கள். பலன் இருந்ததென்று 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

சரி, ஒவ்வொரு தடவையும் நேரில் போக முடியுமா? பஸ் காசு, ஒரு நாள் கூலி போச்சு. அந்த வார்டு வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் ஊரே பேசும். அப்படியானால் எல்லாமே போனில் முடித்துவிடலாமா? அதுவும் நடவாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது சித்தி எதைச் சொல்வார்? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நேரில் பார்ப்பவருக்குத்தான் எண்ணெய் காணாத தலையும் குனிந்த முகமும் தெரியும். கேமரா இருந்தாலும் நம் ஊர் சிக்னலில் முகம் கட்டம் கட்டமாகத்தான் வரும்!

ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் இரண்டையும் கலந்து சோதித்திருக்கிறார்கள். கொஞ்சம் நேரில், கொஞ்சம் கணினியில். சித்திக்கும் ஏறக்குறைய அதே முறைதான். முதல் மூன்று தடவை நேரில். முகம் பழகி நம்பிக்கை வந்தபின் வாரம் ஒரு தடவை போனில். மாசம் ஒரு தடவை மறுபடி நேரில். காலையில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு குடைவரைக் கோயில் வரை நடக்க வேண்டும், இது வீட்டுப்பாடம். போன் வரும் நேரத்துக்குக் கோயில் மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே யாரும் ஒட்டுக் கேட்பதில்லை, டவரும் கிடைக்கிறது. அந்தக் கவுன்சிலரை இப்போது "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தேவைப்பட்டால் நேரில் எங்கே போவது என்றும் வழி சொல்வார்கள். அரியர் விழுந்து ஹாஸ்டலில் தூக்கமில்லாமல் கிடக்கும் நண்பர்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சாகலாம் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால், போனோடு விடாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சித்தி இப்போது களையெடுக்கப் போகிறார். அடுத்து நேரில் போக வேண்டிய தேதியில் எனக்கு யூனிட் டெஸ்ட். "நீ பரிச்சையை எழுதுடா, கீரனூர்ல பஸ் மாறிப் போக எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)