வண்டி வீட்டிற்கு மட்டம் பார்க்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவை தான் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, கார் என எத்தனையோ சாதனங்களுக்குள் மானிட்டர் இல்லாத சிறிய கம்ப்யூட்டர்கள் இயங்கிக் கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டருடன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு நாட்கள் மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்கும் பயன்படக் கூடிய ஒரு பாடம் அதில் கிடைத்தது. அதனால் தான் இந்தக் கட்டுரை.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திய ஃபிப்த் வீல் கேம்பர் ஒன்றை வாங்கியிருந்தான். நானும் அம்மாவும் அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, சான் அன்டோனியோ நகருக்கு மேற்கே உள்ள மலைப்பகுதிக்கு எங்களை அதில் அழைத்துச் சென்றான்.

ஃபிப்த் வீல் என்றால் என்ன?

நம் ஊர் கண்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கும் வண்டி தனி, பின்னால் டிரெய்லர் தனி. டிரெய்லரின் அடியில் உள்ள கிங் பின் என்னும் தடித்த இரும்பு முளை, இழுக்கும் வண்டியின் மேல் உள்ள தட்டில் மாட்டிக் கொள்ளும். ஃபிப்த் வீல் கேம்பரும் இதே முறை தான். லாரிக்குப் பதில் பிக்கப் வண்டி. கண்டெய்னருக்குப் பதில் படுக்கை அறை, சமையலறை, குளியலறை கொண்ட ஒரு வீடு. குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் ஒரு சக்கரம் வைத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேல் அது ஐந்தாவது சக்கரம். அந்தப் பெயர் தான் இன்றும் நிலைத்துவிட்டது.

முகாம் இடத்திற்கு வந்ததும் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, டிரெய்லரை அதன் சொந்தக் கால்களில் நிறுத்த வேண்டும். கால்கள் என்பவை ஜாக்கிகள். தம்பியின் வண்டியில் முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என ஆறு ஜாக்கிகள். "அண்ணா, முன்னெல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிக் கை வலிக்கும். இதில் ஆட்டோ பட்டனை அழுத்தினால் போதும். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும்" என்றான். கம்ப்யூட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் பட்டனை நானே அழுத்துகிறேன் என்று முன்னால் போய் நின்றேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

செல்போனைத் திருப்பிப் பிடித்தால் திரையும் திரும்புகிறது அல்லவா? போனுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்ற சென்சார் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அளந்து சொல்வதால் தான் இது நடக்கிறது. டிரெய்லரின் கண்ட்ரோலருக்கும் இதே வகை சென்சார் தான் கண்.

ஆட்டோ பட்டனை அழுத்தியதும் கண்ட்ரோலர் சென்சாரைப் படிக்கிறது. முதலில் முன் பக்கத்து உயரத்தைச் சரி செய்கிறது. பிறகு மற்ற ஜாக்கிகளைத் தரையைத் தொடும் வரை இறக்குகிறது. பாதம் தரையில் ஊன்றியதும் மோட்டார் இழுக்கும் கரண்ட் கூடும். அதை வைத்துத் தரை வந்துவிட்டது எனத் தெரிந்து கொள்கிறது. அடுத்து இடம் வலம், முன் பின் எனச் சிறிது சிறிதாகத் தூக்கி, மீண்டும் சென்சாரைப் படித்து, மீண்டும் திருத்துகிறது. மாடலுக்கு மாடல் இந்த வரிசை சற்று மாறலாம். சில மாடல்களில் மோட்டாருக்குப் பதில் ஹைட்ராலிக் ஆயில் ஜாக்கிகளைத் தள்ளும்.

சில நிமிடங்களில் சத்தம் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. கை தட்டாத குறை தான்.

தோசை சொன்ன செய்தி

மறுநாள் காலை அம்மா தோசை ஊற்றினார். "ஏண்டா, இந்த வண்டி சாய்ந்திருக்கிறதா? எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது" என்றார். நான் பேனலைப் பார்த்தேன். பச்சை விளக்கு. "அதெல்லாம் மட்டமாகத் தான் இருக்கிறதம்மா, கம்ப்யூட்டரே சொல்கிறது. அடுப்பு தான் கோணலாக இருக்கும்" என்றேன். வெளியே போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை. அந்த இடமே சரிவு என்பதால் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

அன்று இரவு ஃபிரிட்ஜைத் திறந்தபோது பால் கெட்டிருந்தது. உள்ளே இருந்த தெர்மாமீட்டர் 13 டிகிரி செல்சியஸ் காட்டியது. அம்மாவின் இன்சுலின் அந்த ஃபிரிட்ஜில் தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில், ஐஸில் நேராகப் படாதபடி துணியில் சுற்றி உடனே மாற்றினோம். உறைந்துவிட்டாலும் இன்சுலின் கெட்டுவிடும். மருந்துக் கடைக்குப் போன் செய்து கேட்டோம். அன்றிலிருந்து அதை வெளியில் எடுத்ததாகக் கணக்கு வைத்து 28 நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்றார்கள். அதன் பிறகு தான் மூச்சு வந்தது.

ஃபிரிட்ஜுக்கும் மட்டத்திற்கும் என்ன சம்பந்தம்? நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரெஸர் இருக்கிறது. பல கேம்பர்களில் இருப்பது அப்ஸார்ப்ஷன் ஃபிரிட்ஜ். இதில் கம்ப்ரெஸர் கிடையாது. கேஸ் அல்லது மின்சாரச் சூட்டில் அம்மோனியா ஆவியாகி, குளிர்ந்து, தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்திருந்தால் திரவம் வழியில் தேங்கும், குளிர்ச்சி குறையும். அப்படியே நீண்ட நேரம் ஓட விட்டால் குழாய் நிரந்தரமாக அடைத்துக் கொள்ளும். பிறகு குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியது தான். கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் உள்ள புதிய கேம்பர்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் கதவுகள் ஒழுங்காக மூடவும், குளியலறைத் தண்ணீர் வடியவும், வெளியே நீளும் ஸ்லைடு அறைகள் இடிக்காமல் நகரவும் வண்டி மட்டமாகத் தான் நிற்க வேண்டும்.

தவறு எங்கே?

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, தம்பியின் கருவிப் பெட்டியிலிருந்து கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தோம். குமிழி ஒரு ஓரத்திற்கு ஓடிவிட்டது. ரசமட்டமே தவறாக இருக்கலாம் அல்லவா? அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே இடத்தில் அதை அப்படியே தலைமாற்றி வையுங்கள். குமிழி அறையின் அதே பக்கத்திற்கு ஓடினால் ரசமட்டம் சரி. தரை தான் சாய்வு. செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியையும் இப்படியே சோதிக்கலாம். அதிலும் பார்த்தோம். இடது பக்கம் 3 டிகிரி தாழ்வு.

3 டிகிரி தானே என்று நினைக்காதீர்கள். 2.4 மீட்டர் அகலமுள்ள வண்டியில் 3 டிகிரி என்பது ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். 10 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு டிகிரி என்றாலும் 17 சென்டிமீட்டர் வந்துவிடும்.

பின் ஏன் பச்சை விளக்கு எரிந்தது? வண்டியை விற்றவருக்குத் தம்பி போன் செய்தான். சில மாதங்களுக்கு முன் கண்ட்ரோலரை மாற்றியதாகச் சொன்னார். அங்கு தான் விஷயம் இருந்தது. புதிய கண்ட்ரோலருக்கு மட்டம் என்றால் என்னவென்று தெரியாது. சென்சார் பொருத்திய இடம் சற்றுக் கோணலாக இருந்தாலும் அதற்குத் தெரியாது. வண்டியை ரசமட்டம் வைத்துக் கையால் மட்டமாக நிறுத்தி, "இது தான் பூஜ்யம், நினைவில் வைத்துக் கொள்" என்று நாம் ஒரு முறை சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஜீரோ பாயிண்ட் செட்டிங் என்று பெயர். வண்டி சாய்ந்திருந்தபோது யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கற்றுக் கொடுத்த கோணலை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கொண்டு வந்து நிறுத்தியது. எண்ணெயைப் பார்த்துச் சொன்ன அம்மாவை நம்பாமல் விளக்கை நம்பியது என் தவறு.

கட்டைகள் வந்தன

பூஜ்யத்தைத் திருத்த வேண்டுமானால் முதலில் வண்டியை உண்மையில் மட்டமாக நிறுத்த வேண்டும். இடது பக்கத்தைக் கை பட்டன்களால் தூக்கினோம். பாதி வழியில் இடது பின் ஜாக்கி முழு நீளமும் இறங்கி நின்றுவிட்டது. ஜாக்கியின் எட்டும் தூரம் அவ்வளவு தான். ஆட்டோ முறையில் இப்படி நடந்தால் பேனலில் அவுட் ஆஃப் ஸ்ட்ரோக் என்ற செய்தி வரும். இதற்கு எந்த புரோகிராமும் உதவாது. மரக்கட்டை தான் உதவும்.

மறுநாள் காலை பிக்கப்பை மீண்டும் மாட்டினோம். ஜாக்கிகளை ஏற்றிவிட்டு, இடது பக்கச் சக்கரங்கள் இரண்டிற்கும் அடியில் மூன்று பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக, படிப்படியாகச் சரித்து அடுக்கி வண்டியை ஏற்றினோம். அமெரிக்காவில் 2 அங்குலப் பலகை என்று விற்பது உண்மையில் ஒன்றரை அங்குலம் தான். மூன்று சேர்ந்து ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். இடம் வல வேறுபாட்டில் பெரும்பகுதி சக்கரத்தின் அடியிலேயே தீர்ந்தது. இதில் இன்னொரு நன்மை, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்காது. கழற்றி வைத்த டிரெய்லருக்குக் காரைப் போல ஹேண்ட் பிரேக் கிடையாது. சக்கரங்களும் அவற்றின் முன்னும் பின்னும் வைக்கும் முட்டுகளும் தான் அதை நகராமல் பிடிக்கின்றன.

ஜாக்கிகளின் அடியிலும் அகலமான பலகைகளை வைத்தோம். கணக்கைப் பாருங்கள். ஒரு ஜாக்கியின் மேல் 900 கிலோ இறங்குகிறது, அதன் பாதம் 20க்கு 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 2.25 கிலோ தாங்க வேண்டும். 40க்கு 40 பலகை வைத்தால் அரைக் கிலோவிற்குச் சற்று அதிகம் தான். ஈர மண்ணிலும், வெயிலில் இளகிய தார்த் தரையிலும் பாதம் புதைவது இதனால் குறைகிறது.

பிறகு ரசமட்டத்தை வைத்து வண்டியைக் கையால் மட்டம் செய்து, தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி பட்டன்களை அழுத்திப் புதிய பூஜ்யத்தைப் பதிவு செய்தோம். சோதிப்பதற்காக வண்டியை வேண்டுமென்றே சாய்த்து, ஆட்டோவை அழுத்தினேன். சத்தம் நின்றது. குமிழி நடுவில் நின்றது. அதற்குப் பிறகு தான் பச்சை விளக்கைப் பார்த்தேன். மாலையில் ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அன்று இரவு மழை பெய்தது. காலையில் குமிழி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. மீண்டும் ஒரு முறை ஆட்டோவை அழுத்தினோம். முடிந்தது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. முதலில் நல்ல இடம் தேர்ந்தெடுங்கள். இடம் வலச் சரிவைப் பிக்கப்பைக் கழற்றும் முன்பே சக்கரங்களின் கீழ் கட்டை வைத்துக் குறையுங்கள். இரட்டை அச்சு வண்டியில் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் அனைத்தும் கட்டையின் மேல் முழுமையாக அமர வேண்டும்.

2. கழற்றும் முன் சக்கரங்களுக்கு முட்டு வையுங்கள். கிளம்பும் போது கடைசியாக அந்த முட்டுகளை எடுங்கள்.

3. முன் ஜாக்கிகளால் கிங் பின்னின் பாரத்தைத் தூக்கி, பிக்கப்பைக் கழற்றி நகர்த்திய பிறகே ஆட்டோ பட்டனை அழுத்த வேண்டும். அதற்கு முன் உள்ளே இருப்பவர்களை இறங்கச் சொல்லுங்கள்.

4. ஜாக்கி அதிகம் நீண்டால் வண்டி அதிகம் ஆடும். கட்டை வைத்து நீளத்தைக் குறையுங்கள். அடியில் அகலமாக, மேலே சிறிதாக, ஒரு வரிசைக்கு மறு வரிசை குறுக்காக அடுக்குங்கள். உள்ளீடற்ற சிமெண்ட் கல் திடீரென நொறுங்கும், வேண்டாம்.

5. பேட்டரியைக் கவனியுங்கள். முழுதாக சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். சோர்ந்த பேட்டரி என்றால் லோ வோல்டேஜ் என்று சொல்லி வேலை பாதியில் நிற்கும்.

6. ஜாக்கிகள் மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். டயர் மாற்றவும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

7. வண்டிக்குள் ஒரு ரசமட்டம் எப்போதும் இருக்கட்டும்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தேதியையும் நேரத்தையும் தவறாக அமைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஃபைல்களைக் கலைத்துவிட்டது" என்று என்னிடம் சொல்வதுண்டு. பிரிண்டரின் அலைன்மெண்ட் பக்கத்தை அச்சிட்டுப் பார்க்காமலேயே, எழுத்து கோணலாக விழுகிறது என்பார்கள். நானும் சிரித்துக் கொண்டே திருத்திக் கொடுப்பேன். இனிமேல் சிரிக்க மாட்டேன். ஊருக்குத் திரும்பும் வரை தினமும் காலையில் அம்மா தோசைக் கல்லில் எண்ணெய் ஊற்றி, அது நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தான் மாவை எடுத்தார்.